ஐந்து விநாடி மின்சாரம்: டேசர் துப்பாக்கியும் மனித உடலும்

டேசர் துப்பாக்கியால் சுடப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் சில நிமிடங்களில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஊசி தைத்த இடத்தில் இரண்டு சிறு புண், விழுந்ததில் சிராய்ப்பு, மறுநாள் உடம்பெல்லாம் வலி, அத்தோடு முடிந்துவிடுகிறது. இந்தக் கருவியின் ஆபத்தைப் பற்றி எழுதுபவர் எவரும் இதை முதலில் ஒப்புக்கொண்டாக வேண்டும். அமெரிக்காவில் டாக்டர் வில்லியம் போஸ்மன் தலைமையிலான குழு, போலீஸார் டேசரால் சுட்ட 1,201 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2009-இல் முடிவை வெளியிட்டது. அவர்களில் 99.75 சதவீதம் பேருக்குக் காயமே இல்லை, அல்லது லேசான காயம்தான். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் மூன்றே பேர். வேறு இருவர் காவலில் இறந்தார்கள்; அந்த இறப்புகளுக்கும் கருவிக்கும் தொடர்பில்லை என்று முடிவு செய்யப்பட்டது.

இதன் அருகிலேயே இன்னொரு கணக்கையும் வைக்க வேண்டியிருக்கிறது. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2017-இல் வெளியிட்ட புலனாய்வு, அமெரிக்காவில் போலீஸார் டேசர் பயன்படுத்திய பிறகு 1,005 பேர் இறந்திருப்பதைத் தொகுத்துக் காட்டியது. அவற்றில் 153 இறப்புகளில், டேசர் ஒரு காரணம் அல்லது துணைக் காரணம் என்று பிரேதப் பரிசோதனை செய்தவர்களே எழுதியிருந்தார்கள். மற்றவற்றில் போதைப்பொருள், இதய நோய், போலீஸாருடனான மல்லுக்கட்டு என்று பல காரணங்கள் சொல்லப்பட்டிருந்தன.

இரண்டு கணக்கும் உண்மைதான். இவற்றை எப்படிச் சேர்த்துப் படிப்பது என்பதில்தான் இருபது ஆண்டுகளாக மருத்துவர்களும் போலீஸ் துறைகளும் தயாரிப்பு நிறுவனமும் நீதிமன்றங்களும் மோதிக்கொண்டிருக்கின்றன. “இந்த மின்சாரம் ஆளைக் கொல்லுமா, கொல்லாதா?” என்றே எல்லோரும் கேட்கிறார்கள். என் பார்வையில் அந்தக் கேள்வி மிகக் குறுகலானது. யாருடைய உடம்பில், எந்த இடத்தில், எத்தனை விநாடி, அதற்குப் பிறகு அந்த ஆளை என்ன செய்தார்கள் என்பதையெல்லாம் சேர்த்துக் கேட்டால்தான் ஆபத்தின் உருவம் தெரிய வருகிறது.

முதலில் கருவி. நாசா ஆய்வாளராக இருந்த ஜாக் கவர் 1970-களில் இதை உருவாக்கினார். அப்போது ஊசிகளைச் செலுத்த வெடிமருந்து பயன்பட்டதால் அமெரிக்க அரசு அதைத் துப்பாக்கி வகையிலேயே சேர்த்திருந்தது. 1993-இல் அரிசோனாவில் ஸ்மித் சகோதரர்கள் தொடங்கிய நிறுவனம் வெடிமருந்துக்குப் பதிலாக அழுத்தமூட்டிய நைட்ரஜன் வாயுவைக் கொண்டுவந்தது. அந்த நிறுவனத்தின் இன்றைய பெயர் ஆக்சான். 2003-இல் வந்த எக்ஸ்26 என்ற மாடல்தான் உலகெங்கும் போலீஸாரின் இடுப்பில் ஏறியது. மருத்துவ ஆய்வுகளில் பெரும்பகுதியும் அதைப் பற்றியதே.

விசையை அழுத்தியதும் மெல்லிய கம்பியோடு இணைந்த இரண்டு ஊசிகள் பாய்கின்றன. முனையில் தூண்டில் முள்போல ஒரு கொக்கி. துணியைத் துளைத்துத் தோலில் தைத்து நிற்கும். பிறகு விநாடிக்குச் சுமார் 19 துடிப்புகள் வீதம் 5 விநாடிக்கு மின்சாரம் பாய்கிறது. 50,000 வோல்ட் என்று விளம்பரங்களிலும் செய்திகளிலும் சொல்லப்படுவது காற்றிடைவெளியைத் தாண்டுவதற்கான உச்ச அழுத்தம். உடலுக்குள் இறங்குவது அதில் சிறு பகுதிதான். ஒவ்வொரு துடிப்பும் விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கிறது. தசைகளை இயக்கும் நரம்புகளைத் தூண்ட அது போதும். இரண்டு ஊசிகளுக்கும் நடுவே உள்ள தசைகள் முழுவதும் இறுகிப்போக, ஆள் வெட்டிய மரமாகச் சாய்கிறான். ஊசியைச் செலுத்தாமல் கருவியின் முனையையே உடலில் வைத்து அழுத்தும் முறையும் உண்டு. அதில் தசை முடங்காது, வலி மட்டும்தான். எதிர்ப்பவரை நிறுத்துவதற்குப் பதிலாக வலியால் பணிய வைப்பதற்கே அது பயன்படுகிறது என்பதால், என் மனம் அதை ஏற்க மறுக்கிறது. எக்ஸ்26 ஏற்படுத்தும் கடும் வலி ஒருவகைச் சித்திரவதையே என்று ஐ.நா.வின் சித்திரவதைக்கு எதிரான குழு 2007-இல் போர்ச்சுகல் நாட்டைப் பற்றிய தன் அறிக்கையில் கவலை தெரிவித்தது.

நரம்பைத் தூண்டும் மின்சாரம் இதயத்தையும் தூண்டுமா என்பதில்தான் சண்டை மையம் கொண்டிருக்கிறது. இதயத் தசைக்குத் தூண்டல் தருவது எலும்புத் தசையைத் தூண்டுவதைவிடக் கடினம், துடிப்பின் நேரமோ மிகக் குறைவு, ஆகவே இதயம் தப்பிவிடும் என்பது தயாரிப்பாளர்களின் அடிப்படை வாதம். பொதுவாக அது சரி. ஆனால் ஊசி மார்பில், அதுவும் இதயத்துக்கு நேர் மேலே தைத்தால் கணக்கு மாறுகிறது. ஒல்லியானவர்களுக்குத் தோலுக்கும் இதயத்துக்கும் இடையே உள்ள இடைவெளி மிகக் குறைவு. ஊசி முனைக்கும் இதயத்துக்கும் உள்ள தூரம்தான் ஆபத்தைத் தீர்மானிக்கிறது என்பதை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜான் வெப்ஸ்டர் குழுவினர் பன்றிகளில் செய்த ஆய்வுகள் காட்டின.

டொரண்டோவில் நந்தகுமார் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வும் பன்றிகளில் செய்ததே. மார்புக்குக் குறுக்கே மின்சாரம் பாய்ந்தபோது, பெரும்பாலான தடவைகளில் இதயம் தன் சொந்தத் தாளத்தை விட்டுவிட்டுக் கருவியின் தாளத்துக்குத் துடிக்கத் தொடங்கியது. வயிற்றுப் பகுதியில் பாய்ச்சியபோது அப்படி ஆகவில்லை. மிரண்ட மனிதனின் உடல்நிலையைப் போலச் செய்து பார்க்க அட்ரினலின் கொடுத்து மீண்டும் பாய்ச்சியபோது, ஒரு பன்றிக்கு இதயக் கீழறை நடுக்கம் ஏற்பட்டது. மருத்துவர்கள் வென்ட்ரிகுலர் ஃபைப்ரிலேஷன் என்று சொல்வது இதைத்தான். திருவிழாவில் தேர் இழுப்பவர்கள் ஒரே குரலுக்கு இழுக்காமல் ஆளுக்கொரு நேரத்தில் வடத்தைச் சுண்டினால் தேர் எப்படி நகராதோ, அப்படி இதயத் தசையின் ஒவ்வொரு இழையும் தனித்தனியே துடிக்க, ரத்தம் வெளியேறாமல் நின்றுவிடுகிறது. சில விநாடிகளில் நினைவு போகும்; சில நிமிடங்களில் உயிரும் போகும்.

பன்றி வேறு, மனிதன் வேறு என்ற எதிர்வாதம் உடனே வந்தது. பன்றியின் இதயம் மின்சாரத்துக்கு எளிதில் வசப்படும் என்பது மெய்தான். ஆனால் 2007-இல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பு அந்த வாதத்தின் பலத்தைக் குறைத்தது. பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டிருந்த ஒருவர் டேசரால் சுடப்பட்டார். அவர் நலமாகவே இருந்தார். பின்னர் அந்த பேஸ்மேக்கரின் நினைவகத்தைப் பரிசோதித்தபோது, மின்சாரம் பாய்ந்த அதே நேரத்தில் இதயத்தின் கீழறை மிக வேகமாகத் துடித்திருப்பது பதிவாகியிருந்தது. மனித இதயமும் கருவியின் தாளத்துக்கு ஆட்படும் என்பதற்கு, இதயத்துக்குள்ளிருந்தே எழுதப்பட்ட சாட்சி அது. பேஸ்மேக்கர் உள்ளவர் என்பதால் எல்லோருக்கும் அதைப் பொருத்த முடியாது என்று சொல்லலாம். ஆனால் “இயலவே இயலாது” என்ற பேச்சு அத்தோடு முடிந்தது.

2012-இல் இண்டியானா பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் ஸைப்ஸ், ‘சர்க்குலேஷன்’ இதழில் எட்டு பேரின் விவரங்களை வெளியிட்டார். இதயத் தாளக் கோளாறுகள் துறையில் உலகறிந்த மருத்துவர் அவர். எட்டு பேருமே எக்ஸ்26 கருவியால் மார்பில் சுடப்பட்டவர்கள், சுட்டவுடன் நினைவிழந்தவர்கள், ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் இறந்தார்கள். டேசர் மனிதரில் இதயநிறுத்தத்தை ஏற்படுத்த முடியும் என்று ஸைப்ஸ் முடிவுக்கு வந்தார். 2014-இல் அதே இதழில் அவரும் எதிர்த்தரப்பில் மார்க் க்ரோலும் நேருக்கு நேர் வாதிட்டார்கள். ஸைப்ஸ், டேசர் நிறுவனத்துக்கு எதிரான வழக்குகளில் கட்டணம் பெற்றுச் சாட்சி சொன்னவர். க்ரோல் அந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இருந்தவர். இந்தத் துறையின் மையமான விவாதத்தில் இரு தரப்புக்கும் பணத் தொடர்பு இருந்தது என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பணத் தொடர்பு முடிவுகளை எவ்வளவு வளைக்கிறது என்பதைச் சான் ஃப்ரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவர்கள் அளந்தே பார்த்தார்கள். 2011-இல் வெளியான அவர்களின் ஆய்வு, டேசர் பாதுகாப்பு பற்றிய 50 கட்டுரைகளை எடுத்துக்கொண்டது. நிறுவனத்தின் நிதியோ தொடர்போ உள்ளவை ஏறத்தாழ பாதி. அவை கருவியைப் பாதுகாப்பானது என்று முடிவு சொல்லும் வாய்ப்பு, தொடர்பற்ற ஆய்வுகளைவிடச் சுமார் 18 மடங்கு அதிகமாக இருந்தது. நான் இங்கே யாரையும் பொய்யர் என்று சொல்லவில்லை. ஆய்வுக்கு எவரைத் தேர்ந்தெடுப்பது, ஊசியை எங்கே வைப்பது, எத்தனை விநாடி பாய்ச்சுவது என்ற தேர்வுகளிலேயே முடிவின் பாதி எழுதப்பட்டுவிடுகிறது. மனிதரில் நடந்த சோதனைகளில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் ஆரோக்கியமான தன்னார்வலர்கள். பலர் பயிற்சிக்கு வந்த போலீஸாரே. முதுகில் ஊசி, கீழே மெத்தை, இருபுறமும் தாங்கிப்பிடிக்க ஆள், பக்கத்தில் மருத்துவர். தெருவில் அந்த ஊசியை வாங்குபவர் ஓடிக் களைத்தவர், மிரண்டவர், பலநேரம் மெத்தாம்ஃபெட்டமின் அல்லது கொக்கெய்ன் உடம்பில் உள்ளவர், மனநோய்க்கு மருந்து சாப்பிடுபவர் அல்லது அதைச் சாப்பிடாமல் விட்டவர். ராய்ட்டர்ஸ் தொகுத்த இறப்புகளில் நான்கில் ஒருவர் மனநோயோ நரம்பு மண்டலக் கோளாறோ உள்ளவர்; பத்தில் ஒன்பது பேர் ஆயுதம் ஏந்தாதவர்கள். தன்னார்வலருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து இவர்களுக்கும் ஒன்றும் ஆகாது என்று சொல்ல முடியாது.

அதே பல்கலைக்கழகத்தின் இன்னொரு ஆய்வு 2009-இல் வந்தது. கலிஃபோர்னியாவின் 50 போலீஸ் துறைகளை எடுத்து, டேசர் வருவதற்கு முன்பும் பின்பும் காவலில் நேர்ந்த திடீர் மரணங்களை ஒப்பிட்டார்கள். டேசர் வந்த முதல் ஆண்டில் அவை ஆறு மடங்குக்கு மேல் உயர்ந்தன. பின்னர் பழைய அளவுக்கு அருகில் இறங்கின. பயன்பாட்டுப் பழக்கம் மெல்ல மாறியிருக்கலாம் என்பதே எனக்குத் தோன்றும் விளக்கம்.

இறப்புக்கு யார் காரணம் எழுதுகிறார்கள் என்பதும் மருத்துவக் கேள்விதான். ஓஹையோ மாநிலத்தின் சம்மிட் கவுண்டியில் மூன்று இறப்புகளில் டேசரைக் காரணங்களில் ஒன்றாகத் தலைமைப் பிரேதப் பரிசோதனை மருத்துவர் எழுதினார். நிறுவனம் அவர்மீது வழக்குத் தொடுத்தது. 2008-இல் நீதிபதி, சான்றிதழ்களிலிருந்து டேசர் பற்றிய குறிப்புகளை நீக்க உத்தரவிட்டார். இறப்புக்குக் காரணம் எழுதும் மருத்துவர் வழக்கை நினைத்து ஒரு கணம் தயங்கினால், நாட்டின் கணக்கே தவறிப்போகும். இதய நடுக்கத்தால் வரும் மரணம் உடலில் எந்தத் தடயத்தையும் விட்டுவைப்பதில்லை. அறுத்துப் பார்க்கும் மருத்துவருக்கு இதயத்தில் ஒன்றும் தெரியாது. சூழ்நிலையை வைத்துத்தான் முடிவு சொல்ல முடியும்.

அந்த வெற்றிடத்தை நீண்ட காலம் நிரப்பி வந்தது ‘கிளர்ச்சி மயக்கம்’ என்ற நோய்ப்பெயர். கொக்கெய்ன் பயன்படுத்தியவர்களின் திடீர் மரணங்களுக்கு 1980-களில் மயாமியின் சார்ல்ஸ் வெட்லி முன்வைத்த கருத்து அது. அதே மயாமியில் இறந்த கறுப்பினப் பெண்கள் பலரின் மரணத்துக்கும் அவர் இதே போன்ற விளக்கம் தந்தார். அவர்கள் கொலை செய்யப்பட்டவர்கள் என்று பின்னர் தெரிந்தது. இருந்தும் அந்தப் பெயர் போலீஸ் காவல் மரணங்களில் ஒட்டிக்கொண்டது. அமெரிக்க அவசரச் சிகிச்சை மருத்துவர்கள் கல்லூரி 2009-இல் அதற்கு ஆதரவாக ஓர் அறிக்கை வெளியிட்டது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 2021-இல் அதை நிராகரித்தது. அவசரச் சிகிச்சைக் கல்லூரியும் 2023-இல் தன் பழைய அறிக்கையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு கலிஃபோர்னியா, மரணக் காரணமாக அந்தப் பெயரை எழுதுவதைச் சட்டத்தால் தடுத்தது. ஆனால் அந்தப் பெயரில் ஏற்கெனவே மூடப்பட்ட கோப்புகள் பெரும்பாலும் மூடியபடியேதான் கிடக்கின்றன.

இதயத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதில் ஒரு குறை உண்டு. மின்சாரம் இதயத்தைத் தொடாமலே ஆளை வீழ்த்திக் கொல்ல முடியும். தசைகள் இறுகியவர் கையை ஊன்றிக்கொள்ள முடியாது. நின்ற உயரத்திலிருந்து தலை நேராகத் தரையில் மோதும். போஸ்மன் ஆய்வில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மூவரில் இருவருக்கு நேர்ந்தது, கீழே விழுந்ததால் வந்த தலைக்காயம்தான். நியூயார்க்கின் புரூக்ளினில் 2008-இல் மனநோய்ப் பாதிப்பில் கட்டடத்தின் விளிம்பில் நின்றவரை டேசரால் சுட்டார்கள். கீழே விழுந்து இறந்தார். ஆஸ்திரேலியாவின் கூமா நகர முதியோர் இல்லத்தில் 2023 மே மாதம் நடந்ததை எத்தனை தடவை படித்தாலும் மனம் ஆறவில்லை. மறதி நோயின் அறிகுறிகளோடு, நடைவண்டியைப் பிடித்தபடி, கையில் ஒரு கத்தியோடு மெல்ல நகர்ந்துகொண்டிருந்த 95 வயது மூதாட்டியை ஒரு போலீஸ் அதிகாரி டேசரால் சுட்டார். விழுந்ததில் தலையில் அடிபட்டு மூளையில் ரத்தம் கசிந்தது. ஒரு வாரத்தில் அவர் இறந்தார். 2024 நவம்பரில் அந்த அதிகாரி குற்றவாளி என்று ஜூரி தீர்ப்பளித்தது. சிறைத்தண்டனை விதிக்கப்படவில்லை.

மற்றக் காயங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். கண்ணில் ஊசி தைத்துப் பார்வை போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. தசை இறுக்கத்தின் வேகத்தில் முதுகெலும்பு நசுங்கியிருக்கிறது. பயிற்சியின்போது சுடப்பட்ட போலீஸாருக்கே அது நேர்ந்திருக்கிறது. நீண்ட இறுக்கத்தில் தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கலாம். பெட்ரோல் ஊற்றிக்கொண்டவர்கள்மீது சுட்டதில் தீப்பிடித்திருக்கிறது. தீப்பற்றும் பொருள் அருகில் இருந்தால் சுடக்கூடாது என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார்.

மூளையைப் பற்றிய ஆய்வு குறைவு. ஆனால் கிடைத்த ஒன்று கவனத்துக்குரியது. அரிசோனாவில் மைக்கேல் ஒயிட்டும் ராபர்ட் கேனும் 142 தன்னார்வலர்களை வைத்துச் செய்த ஆய்வில், டேசர் பட்டவர்களின் நினைவாற்றலும் சொன்னதைக் கிரகிக்கும் திறனும் தற்காலிகமாகக் குறைந்தன. சிலருக்கு அது ஒரு மணி நேரம் வரை நீடித்தது. அந்த ஒரு மணி நேரத்தில்தான் கைது செய்த ஆளிடம் அவர் உரிமைகளைப் படித்துக் காட்டி வாக்குமூலம் வாங்குகிறார்கள். ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கே இப்படி என்றால், போதையிலோ பதற்றத்திலோ இருப்பவர் கையெழுத்திட்ட வாக்குமூலத்துக்கு என்ன மதிப்பு?

ஆபத்தை எதைவிடவும் கூட்டுவது நேரம். கருவி 5 விநாடிக்கென வடிவமைக்கப்பட்டது. ஆனால் விசையை அழுத்திப்பிடித்தால் மின்சாரம் தொடர்ந்து பாயும். 2008-இல் வட கரோலினாவின் சார்லட் நகரில் 17 வயது இளைஞனுக்கு முதல் தடவையே 37 விநாடி பாய்ந்தது. அவன் இறந்தான். 2011-இல் ஜூரி நிறுவனத்தைப் பொறுப்பாளியாக்கியது. மேல்முறையீட்டில் இழப்பீட்டுத் தொகை மாற்றப்பட்டாலும் பொறுப்பு நிலைத்தது. இங்கிலாந்தில் ஆஸ்டன் வில்லா அணியின் முன்னாள் கால்பந்து வீரர் டேலியன் அட்கின்சன் 2016 ஆகஸ்டில் டெல்ஃபர்டில் தன் தந்தையின் வீட்டு வாசலில் சுடப்பட்டார். மனம் கலங்கிய நிலையில் இருந்தவர்; இதயமும் சிறுநீரகமும் பழுதுபட்டு டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர். 33 விநாடி மின்சாரம். விழுந்து கிடந்தவரின் தலையில் பூட்ஸ் காலால் உதையும் விழுந்தது. 2021-இல் அந்த அதிகாரிக்கு எட்டு ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. 15 விநாடிக்கு மேல் பாய்ச்சுவதன் விளைவுகள் போதுமான அளவு அறியப்படவில்லை என்று அமெரிக்க நீதித்துறை சார்ந்த நிபுணர் குழு 2011-இல் எழுதியது. இதே குழு, டேசரின் நேரடி விளைவால் மரணம் நேரும் பெரும் ஆபத்துக்கு உறுதியான மருத்துவச் சான்று இல்லை என்றும் சொன்னது. நிறுவனத்தின் ஆதரவாளர்கள் பின்னதை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

கருவியின் பயனையும் சொல்ல வேண்டும். 2009-இல் ஜான் மெக்டொனால்டு குழுவினர் 12 போலீஸ் துறைகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, கைகலப்பையும் தடியையும் ஒப்பிட்டால் டேசர் பயன்படுத்திய நிகழ்வுகளில் பிடிபட்டவர் காயமடையும் வாய்ப்பு பாதிக்கும் கீழே குறைந்திருந்தது. கத்தியோடு பாய்பவரைக் குண்டால் சுடுவதற்குப் பதிலாக டேசர் பயன்பட்டால், உயிர் பிழைக்கிறது. ஆனால் பிரச்சினை அந்தத் தருணங்களில் இல்லை. கட்டளைக்கு உடனே கீழ்ப்படியாதவர், கேட்டதைப் புரிந்துகொள்ளாதவர் ஆகியோர்மீதும் அது திரும்புகிறது. 2007 அக்டோபரில் கனடாவின் வான்கூவர் விமான நிலையத்தில் போலந்திலிருந்து குடியேற வந்த 40 வயது மனிதர் பத்து மணி நேரம் வழி தெரியாமல் அலைந்தார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. வந்த நான்கு போலீஸார் அரை நிமிடத்துக்குள் சுட்டார்கள், ஐந்து தடவை மின்சாரம் பாய்ந்தது, அங்கேயே இறந்தார். ஊரில் இருக்கும் ஆங்கிலம் தெரியாத தாய் தந்தையரை டொரண்டோவுக்கு அழைக்கும் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர்; அவர்களுக்கு இந்த மரணம் வேற்றுச் செய்தியாக இருக்க முடியாது.

அதைத் தொடர்ந்த விசாரணை ஆணையத்தின் தலைவர் தாமஸ் பிரெய்ட்வுட், ஓய்வுபெற்ற நீதிபதி. 2009-இல் வெளியான அவர் அறிக்கை, இந்தத் துறையில் நான் படித்த ஆவணங்களில் மிகத் தெளிவானது. டேசர் மரணத்தை விளைவிக்க வல்லது என்று அவர் முடிவு செய்தார். எவரேனும் உடற்காயம் விளைவிக்கும்போது, அல்லது அது உடனடியாக நேரப்போகிறது என்னும்போது மட்டுமே சுடலாம். முதலில் பேசித் தணிக்கப் பார்க்க வேண்டும். பொதுவாக 5 விநாடிக்கு மேல் கூடாது என்றார். நிறுவனம் அந்த அறிக்கையை எதிர்த்து நீதிமன்றம் சென்று தோற்றது. அதே 2009 அக்டோபரில் நிறுவனமே தன் பயிற்சிக் குறிப்பில், இயன்றவரை மார்பைத் தவிர்த்துக் கீழே குறிவைக்குமாறு மாற்றம் செய்தது. பாதுகாப்பைக் கூட்டும் நோக்கில் அல்ல, வழக்குகளைத் தவிர்க்கவே அந்த மாற்றம் என்று அப்போது விளக்கம் தரப்பட்டது. எந்த நோக்கத்தோடு வந்தாலும் நல்ல மாற்றமே.

பிரெய்ட்வுட்டின் பரிந்துரைகளில் மருத்துவ நோக்கில் முக்கியமானது எளிய ஒன்று: டேசர் வைத்திருக்கும் போலீஸாருக்கு இதயத்தை மீட்டியக்கும் ஏ.ஈ.டி. கருவி எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆபத்து மிகுந்த சூழல்களில் மருத்துவ உதவியையும் அழைக்க வேண்டும். இதய நடுக்கம் தொடங்கியவருக்குச் சி.பி.ஆர். கொடுக்காமல் விட்டால், ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. சுடப்பட்டு அசையாமல் கிடப்பவர் நடிக்கிறார், அடங்கிவிட்டார் என்று எண்ணிக் குப்புறக் கிடத்தி முதுகில் முழங்காலை ஊன்றி விலங்கு பூட்டும்போது அந்த நிமிடங்கள்தான் கழிகின்றன. முதலில் அவரைத் திருப்பிப் போட்டு மூச்சைப் பார்க்க வேண்டும், நாடியைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். ஆம்புலன்ஸ் வந்ததும் எடுக்கும் முதல் ஈ.சி.ஜி.யையும், எப்போது எத்தனை விநாடி சுட்டது என்று கருவியே பதிந்து வைக்கும் நேரக் குறிப்பையும், ஊசி தைத்த இடத்தின் புகைப்படத்தையும் பிரேதப் பரிசோதனை மருத்துவரிடம் ஒப்படைக்க வேண்டும். இவை மூன்றும் சேர்ந்து கிடைத்த இறப்புகள் இன்றுவரை மிகச் சிலவே. ஸைப்ஸ் எட்டு பேரை மட்டும் வைத்து எழுத நேர்ந்ததற்கும் அதுவே ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.